எசென்ஷல்ஸ் கிட்: வாங்குபவர் ஒருவர், ஆடுபவர் ஐவர்

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் புதிதாகத் தொடங்க நினைக்கும் குழுவினர் முதலில் எதை வாங்க வேண்டும் என்று கேட்டால், விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட எசென்ஷல்ஸ் கிட் என்ற பெட்டியையே இன்றும் பரிந்துரைப்பேன். அதற்குப் பின் புதிய பெட்டிகள் வந்துவிட்டன. விதிகளும் 2024இல் திருத்தப்பட்டுவிட்டன. ஆயினும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு, இத்தகைய பொருள் விற்கும் கடை அருகில் எதுவும் இல்லாமல், ஐந்தாறு பேர் காசு சேர்த்து ஒரேயொரு பொருளை வரவழைக்க வேண்டியவர்களுக்கு, இந்தத் துறை இப்போது முன்னுக்கு நிறுத்தி விற்கும் பொருள்களைவிட, அது ஓரளவு பின்னே தள்ளிவிட்ட இந்தப் பெட்டியே கூடுதலாக உழைக்கும் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கான காரணங்களில் பாதி பெட்டிக்குள்ளும் மீதி இந்தப் பொழுதுபோக்கின் சந்தை நகர்ந்துகொண்டிருக்கும் திசையிலும் இருக்கின்றன.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று சொல்வார்கள். வெற்றியா தோல்வியா என்பது ஐயத்துக்குரியதாக இருக்கும் இடங்களில் பகடை உருட்டுவார்கள். பலகை கட்டாயமில்லை, எதிரணி கிடையாது, ஓர் அமர்வு மூன்று நான்கு மணித்தியாலம் செல்லும், கதை மாதக்கணக்கில் தொடரலாம். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இதை வெளியிட்டபோது, முதல் அச்சில் வந்தவை 1,000 பிரதிகள். அதுவும் ஒரு பெட்டிதான்: உள்ளே மூன்று சிறு நூல்கள், விலை 10 டொலர்.

எசென்ஷல்ஸ் கிட் வெளிவந்தபோது அதன் பட்டியல் விலை 24.99 டொலர். உள்ளே 64 பக்க விதிநூல் ஒன்று, 64 பக்கச் சாகசக்கதை நூல் ஒன்று, நிரப்பப்படாத பாத்திரத் தாள்கள் ஆறு, பகடைகள் பதினொன்று, அட்டைகள் 81, இருபக்கமும் அச்சிட்ட வரைபடம் ஒன்று, கதை நடத்துபவர் தன் குறிப்புகளை மறைத்து வைத்துக்கொள்வதற்கான மடிப்புத் தடுப்பு ஒன்று ஆகியவை இருக்கின்றன. நூல்கள் இரண்டும் மென்னட்டைக் கட்டு. இவற்றுக்கு மேலதிகமாகத் தேவைப்படுபவை பென்சிலும் அழிறப்பரும் மட்டுமே.

பகடைகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். அநேகமான தொடக்கப் பெட்டிகளில் ஆறோ ஏழோ பகடைகளே கிடைக்கும். இங்கே இருபது முகப் பகடை இரண்டும் ஆறு முகப் பகடை நான்கும் தரப்பட்டுள்ளன. இந்தப் பெட்டி பின்பற்றும் ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, சாதகமான நிலையில் இருப்பவர் இருபது முகப் பகடை இரண்டை ஒன்றாக உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார். பாதகமான நிலையில் சிறிய எண்ணை ஏற்க வேண்டும். ஒரே பகடையை இரண்டு தடவை உருட்டினாலும் கணக்கு ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒன்றாக மேசையில் உருண்டு நிற்கும் கணத்தில் எழும் ஆரவாரம் வேறு. மாறாக, அட்டைகள் துளைக்கோடிட்ட தாள்களாக வருகின்றன. நாமே கிழித்துப் பிரிக்க வேண்டும். விளிம்பு பிசிறில்லாமல் வருவதற்கு, கோட்டை முன்னும் பின்னும் பலமுறை மடித்து நெகிழ்த்திய பின்பே பிரிக்க வேண்டும். முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகிய கைகள் இந்த அட்டைகளை ஒரு தரம் கலைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கும். இவை கலைத்து ஆடுவதற்கானவை அல்ல; மந்திரப் பொருள் கிடைத்தால் அதற்குரிய அட்டையை எடுத்துக் கொடுப்பதற்கு மட்டுமே பயன்படுபவை என்பதால் குறை பெரிதில்லை.

விதிநூலே இந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. 2014இல் 19.99 டொலருக்கு வந்த தொடக்கப் பெட்டியில் முன்கூட்டியே ஆக்கிய ஐந்து பாத்திரங்களைத் தந்துவிட்டு, புதிய பாத்திரம் ஆக்கும் வழியை நூலுக்குள் வைக்கவில்லை. எசென்ஷல்ஸ் கிட்டின் விதிநூலில் மனிதர், எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் ஆகிய நான்கு இனங்களும், வீரர், கள்ளர், மந்திரவாதி, குருமார், பாணர் ஆகிய ஐந்து தொழில்களும் இருக்கின்றன. பாத்திரத்தை முதல் நிலையிலிருந்து ஆறாம் நிலை வரை வளர்க்கலாம். ஆகவே முதற்கதை முடிந்த பின்பும் இதே பெட்டியைக் கொண்டு சொந்தக் கதையொன்றை வேறு பாத்திரங்களோடு தொடங்க முடியும். ஒரு பெட்டியை ஒரு முறைதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

துணையாள் விதிகளும் அவ்வாறே. கதை நடத்துபவர் ஒருவரும் ஆடுபவர் ஒருவரும் மட்டுமே இருந்தாலும், ஆடுபவருக்கு ஒரு துணைப் பாத்திரத்தைச் சேர்த்துக் கதையை நகர்த்துவதற்கு இந்தப் பெட்டி எளிய விதிகளைத் தருகிறது. அமெரிக்க வாசகர்கள் இதை ஒரு சிறு வசதியாகவே எழுதியிருக்கிறார்கள். இங்கே பெரும்போக அறுவடை தொடங்கினால் மேசையில் பாதிப்பேர் வயலுக்குப் போய்விடுவார்கள். உயர்தரப் பரீட்சை நெருங்கினால் மீதிப்பேரை ரியூசன் பிடித்துக்கொள்ளும். திடீரென ஒருவருக்கு வெளிநாட்டு விசா வந்துவிடும். ஆள் குறைந்தாலும் ஆட்டம் நிற்காமல் இருப்பதற்கு இந்தச் சில பக்கங்கள் செய்யும் உதவியை ஆடிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

இனி சாகசக்கதைக்கு வருகிறேன். ஐஸ்ஸ்பயர் சிகரத்தில் கிரயோவெயின் என்ற வெள்ளை டிராகன் வந்து குடியேறிவிட்டது. கீழே ஃபண்டலின் என்ற சிற்றூர் அஞ்சி நிற்கிறது. ஊர்த்தலைவரின் மண்டப வாசலில் உள்ள பலகையில் வேலைகள் ஒட்டப்படுகின்றன. வீரர்கள் தமக்குப் பிடித்த வேலையைத் தெரிந்தெடுக்கிறார்கள். இந்த அமைப்பு எளியது; புதிதாகக் கதை நடத்துபவருக்கு ஆயத்தம் செய்வதும் இலகு, ஏனெனில் ஒவ்வொரு வேலையும் சில பக்கங்களில் முடிந்துவிடும். குறை என்னவென்றால், வேலைகள் ஒன்றோடொன்று தளர்வாகவே தொடுக்கப்பட்டிருக்கின்றன. நூலில் உள்ளபடியே நடத்தினால் டிராகன் கடைசிவரை வானத்தில் எங்கோ பறந்துகொண்டிருக்கும். ஊர்மக்களுக்கு முகமே இராது. 2014 பெட்டியின் சாகசக்கதை இந்த விடயத்தில் இதைவிடச் செம்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொடக்க வேலைகளில் ஒன்று, ஊருக்கு வெளியே காற்றாலையில் வாழும் மருத்துவிச்சியைப் பார்த்து வருவது. அங்கே மன்டிக்கோர் என்ற பறக்கும் விலங்கு காத்திருக்கிறது. முதல் நிலைப் பாத்திரங்கள் அதனோடு நேருக்கு நேர் பொருதினால் முதல் அமர்விலேயே செத்துப்போவார்கள். அதற்கு இறைச்சியோ பொன்னோ கொடுத்துப் பேசி அனுப்பிவிடலாம் என்ற வழியும் நூலில் இருக்கிறது. ஆனால் புதியவர்கள் அதைத் தாமாகக் கண்டுபிடிக்க மாட்டார்கள், கதை நடத்துபவர்தான் அந்த விலங்கை முதலில் பேச வைக்க வேண்டும். இந்த ஆலோசனையை நூல் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

கதையின் அடிப்படையில் இன்னொன்று இருக்கிறது. அதை எழுதியவர்கள் அவ்வளவாக யோசித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். டிராகன் வந்து சிகரத்தைப் பிடித்ததால் அங்கிருந்த ஓர்க் என்ற அரக்கர் கூட்டம் கீழே துரத்தப்படுகிறது. துரத்தப்பட்டவர்கள் வழியில் உள்ள பண்ணைகளைப் பிடிக்கிறார்கள். வீரர்களின் வேலை அவர்களை வெட்டி விரட்டுவது. இதை ஒரு அமெரிக்க வீட்டுக் கூடத்தில் ஆடினால் இரண்டு மணித்தியாலச் சண்டைக் காட்சியாக முடிந்திருக்கும். எங்கள் மேசையில் பண்ணை வாசலிலேயே ஆட்டம் நின்றது. பரந்தன் பக்கத்துத் தம்பி ஒருவன், குருமார் பாத்திரம் ஏற்றிருந்தவன், பகடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணை, உதுகளும் இருந்த இடத்தை விட்டுத் துரத்தப்பட்டு வந்ததுகள் தானே? பிறகேன் நாங்கள் வெட்டோணும்?" அதற்குப் பின் ஆட்டம் பேச்சுவார்த்தையாக மாறியது: யார் எந்தப் பக்கக் காட்டில் தங்குவது, பண்ணைக்காரரின் களஞ்சியத்திலிருந்து எவ்வளவு தானியம் கொடுப்பது, டிராகனை எதிர்க்க ஓர்க்குகளில் எத்தனை பேர் கூட வருவது. நூலில் இதற்கு ஒரு வரிகூட உதவி இல்லை. எனினும் விதிகள் தடுக்கவும் இல்லை. இணங்கவைத்தல் என்ற திறனுக்குப் பகடை உருட்டச் சொல்லிவிட்டு மேற்கொண்டு போக முடிந்தது. பண்ணையில் காணாமற்போன பசு ஒன்றைப் பற்றிய குறிப்பும் கதையில் உண்டு. கட்டாக்காலி மாடும் மாட்டுக் களவும் அன்றாடச் செய்தியாக இருக்கும் ஊரில், டிராகனைவிட அந்தப் பசுவை மீட்பதிலேயே மேசை மும்முரமாக நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதையை நடத்த இருப்பவர்கள், ஊர் எரிவது, பசியோடு நடப்பது, பிள்ளையைத் தொலைப்பது போன்ற காட்சிகள் வேண்டுமா வேண்டாமா என்று ஆடுபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தகைய முன்பேச்சு இப்போது இந்தப் பொழுதுபோக்கில் பரவலான வழக்கம்தான். இங்கே அது மரியாதையின் முதற்படி.

பெட்டியின் அடியில் ஒரு தாள் கிடக்கும். இந்த விளையாட்டுக்கான டி அன்ட் டி பியொன்ட் என்ற இணையத்தளத்தில் உள்ளிடுவதற்கான குறியீடு அதில் இருக்கிறது. அதை உள்ளிட்டால் கதையின் தொடர்ச்சியாக மூன்று சாகசங்கள் கிடைக்கும், ஆடுவோர் நூல் என்ற அடிப்படை விதிநூலின் இணையப் பதிப்புக்கு அரைவிலைக் கழிவும் கிடைக்கும். மூன்று சாகசங்களும் அச்சில் வராதவை. இந்தச் சிறு தாளில் சந்தையின் முழுத் திசையும் தெரிகிறது: மலிவான பெட்டி வாசற்படி, வியாபாரம் அதற்கு உள்ளே இருக்கிறது.

இந்த விளையாட்டில் செலவு செய்பவர் எப்போதும் ஒருவர்தான். கதை நடத்துபவர் நூல்களை வாங்குவார், வரைபடம் வாங்குவார், அரக்கர்களின் சிறு உருவங்கள் வாங்குவார். மற்ற நால்வரும் ஒரு பகடைத் தொகுதியோடு, சில வேளை அதுவும் இல்லாமல், வந்து உட்காருவார்கள். விற்பவர்களுக்கு இது பழைய தலையிடி. 2022 டிசம்பரில் முதலீட்டாளர்களுக்கான உரையாடல் ஒன்றில், அப்போது விசார்ட்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த சிந்தியா வில்லியம்ஸ், கதை நடத்துபவர்கள் மொத்த ஆடுநரில் ஏறத்தாழ 20 வீதமே இருந்தும் பணம் செலுத்துபவர்களில் பெரும்பங்கினர் அவர்களே என்றும், இந்த விளையாட்டிலிருந்து ஈட்டக்கூடிய வருமானம் இன்னும் முழுமையாக ஈட்டப்படவில்லை என்றும் சொன்னார். அதே ஆண்டில் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ, டி அன்ட் டி பியொன்ட் தளத்தை 146.3 மில்லியன் டொலருக்கு வாங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நோக்கம் விளங்கும். மேசையில் உள்ள மற்ற நால்வரையும் கொள்வனவாளர் ஆக்க வேண்டும். ஒருமுறை விற்கும் நூலைவிட மாதாமாதம் வரும் சந்தா மேல்.

வியாபாரி வருமானத்தைப் பெருக்க நினைப்பதில் தவறு காண நான் யார். ஆனால் அந்த வழிகள் எங்கள் மேசைக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. 2024 வரை அந்தத் தளத்தில் ஒரு நூலிலிருந்து தேவையான பகுதியை மட்டும், ஓர் அரக்கரையோ ஒரு தொழிற்பிரிவையோ, சில்லறையாக வாங்க முடிந்தது. அந்த ஆண்டில் அது நிறுத்தப்பட்டது, இப்போது முழு நூலாகவே வாங்க வேண்டும். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூல்களை பிடிஎஃப் கோப்பாக விற்பதும் இல்லை. இந்தத் துறையின் மற்ற வெளியீட்டாளர்களில் அநேகமாக எல்லோரும் டிரைவ்த்ரூஆர்பிஜி போன்ற தளங்களில் பிடிஎஃப் விற்கும்போது, மிகப் பெரிய நிறுவனம் மட்டும் தன் தளத்துக்குள் வந்து படி என்கிறது. கைபேசி டேட்டாவை அளந்து பாவிக்கும், மின்வெட்டுக்கு மெழுகுதிரி எடுத்து வைத்திருக்கும் வீட்டில், கோப்பு ஒன்றை இறக்கி வைத்துக்கொள்வதும் ஒவ்வொரு முறையும் இணையத்துக்குப் போவதும் ஒன்றல்ல. விற்க மறுக்கும் பிடிஎஃப் களவுப் பிரதியாக டெலிகிராமில் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை வெளியீட்டாளர் அறியாமல் இருக்க மாட்டார்.

விலையையும் எங்கள் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு டொலர் 300 ரூபாய் என்று எடுத்தால் எசென்ஷல்ஸ் கிட் 7,500 ரூபாய். 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்கு அறிவித்த கொள்வனவு விலை கிலோவுக்கு 120 ரூபாய். அதாவது பெட்டியின் விலை 62 கிலோ நெல், ஏறத்தாழ ஒரு மூட்டை. 2025 செப்டம்பரில் வந்த புதிய தொடக்கப் பெட்டியான ஹீரோஸ் ஒஃப் த போர்டர்லான்ட்ஸின் விலை 49.99 டொலர்: 125 கிலோ நெல். 2024, 2025 ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்ட மூன்று அடிப்படை நூல்களும் ஒவ்வொன்றும் 49.99 டொலர், மூன்றும் சேர்ந்து 45,000 ரூபாய்: 375 கிலோ நெல். இவற்றில் அனுப்புகூலியும் சுங்க வரியும் சேரவில்லை. 2022இல் ரூபாய் விழுந்தபோது, மார்ச் தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்த 25 டொலர் மே மாதத்தில் 9,000 ஆனது. வெளிநாட்டு விலைப்பட்டியலைப் பார்த்து எதையும் திட்டமிட முடியாது என்பதை அந்த ஆண்டு எங்களுக்குக் கற்பித்துவிட்டது.

மூன்று தடித்த நூல்களை அடுத்தடுத்து வாங்கச் செய்யும் வழக்கம் புதியதல்ல. அரக்கர் நூல் 1977இலும், ஆடுவோர் நூல் 1978இலும், நடத்துபவர் நூல் 1979இலும் வந்தன. அன்றுதொட்டு ஒவ்வொரு பதிப்பும் இதே முக்காலியில்தான் நிற்கிறது. புதிய ஆடுவோர் நூல் 384 பக்கம். அச்சும் படமும் கண்ணைப் பறிக்கும். ஆனால் வாராந்தம் ஆடும் ஒரு குழு ஓர் ஆண்டில் அதில் எத்தனை பக்கத்தைத் தொடும் என்று பார்த்தால், தமது தொழிலுக்குரிய சில பக்கங்கள், மந்திரப் பட்டியலில் ஒரு பகுதி, சண்டை விதிகள் என்பவற்றோடு நின்றுவிடும். மீதியைத் தனியே இருந்து வாசிக்கலாம், மனத்தில் பாத்திரம் ஆக்கி மகிழலாம். அதுவும் ஓர் இன்பம்தான். ஆடாமல் வாசிப்பதற்காகவே நூல் வாங்குவோர் இந்தப் பொழுதுபோக்கில் நிறையவே இருக்கிறார்கள், அலுமாரியைப் படம்பிடித்துப் போடுவதே சிலருக்கு விளையாட்டு. ஆனால் அந்த இன்பத்துக்கு 375 கிலோ நெல் கொடுக்க வேண்டுமா என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டு நிலைமையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பலரிடமும் முன்கூட்டியே நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளம் இந்த ஆசையை இன்னொரு படி மேலே கொண்டுபோயிருக்கிறது. 2021இல் அவதார் லெஜென்ட்ஸ் விளையாட்டுக்கு 81,000க்கும் மேற்பட்டோர் 95 இலட்சம் டொலர் கொடுத்தார்கள். 2024இல் கொஸ்மியர் விளையாட்டு ஒன்றரைக் கோடி டொலரைத் தாண்டியது. இன்னும் அச்சாகாத, சில வேளை எழுதியும் முடிக்காத நூலுக்கு முற்பணம் கட்டுவதே அங்கே கொள்வனவு. பொருள் வர ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். இலங்கைக்கு அனுப்பும் செலவு பலவேளைகளில் பின்னரே தெரியவரும்; சில திட்டங்களின் அனுப்பும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இராது. எங்கள் வட்டத்தில் யாராவது இதில் காசு கட்டப்போகிறேன் என்றால், பிடிஎஃப் மட்டும் தரும் மிகச் சிறிய தொகையைத் தெரிவு செய்யுங்கள் என்றே சொல்வேன்.

கதை நடத்துபவர் ஒருவரே சுமக்கும் செலவை எங்கள் பக்கத்தில் பகிர்ந்துகொள்ள ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. சீட்டுப் பிடிப்பது போல மாதத்துக்கு ஆளுக்கொரு சிறு தொகையைச் சேர்த்து, பெட்டியைக் குழுவின் பெயரில் வாங்கினோம். நூல் நடத்துபவரிடம் இருக்கும், பகடை யாரிடமாவது இருக்கும். யாரும் தனியே சொந்தம் கொண்டாட முடியாது. பொருள் வந்துசேரும் வழியும் இங்கே தனி. கொழும்பிலிருந்து பொதிச் சேவையில் எடுக்கலாம். ஆனால் ஏ9 வீதியால் ஆடி அசைந்து வந்த ஒரு பெட்டியின் மூலை நசுங்கி, மடிப்புத் தடுப்பில் கோடு விழுந்திருந்தது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஆடி ஆவணியில் ஊருக்கு வரும் உறவினரின் பயணப்பெட்டிதான் இன்னும் பத்திரமான வழி. பெட்டியின் எடை குறைவு, உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் சொக்கிலேற்றும் வைக்கலாம் என்று சொன்னால் மாமிமார் மறுக்க மாட்டார்கள். மூன்று தடித்த நூல்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

வந்த பின் பேணுவதும் ஒரு வேலை. எங்கள் காலநிலைக்கும் கறையானுக்கும் அட்டைப்பெட்டி தாங்காது. நூல்களையும் அட்டைகளையும் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும். பாத்திரத் தாள்கள் ஆறையும் எழுதித் தீர்த்துவிடாமல், அவற்றைப் போட்டோக்கொப்பி எடுத்தே பயன்படுத்த வேண்டும்.

2023 சனவரியில் நடந்தது எங்களுக்கு எதிர்பாராத நன்மையாக முடிந்தது. மற்ற வெளியீட்டாளர்கள் இந்த விளையாட்டின் விதிகளைப் பயன்படுத்த 2000ஆம் ஆண்டிலிருந்து இடம்கொடுத்த திறந்த உரிமத்தை மாற்ற விசார்ட்ஸ் நிறுவனம் எழுதிய வரைவு வெளியே கசிந்தது. ஆடுநர்கள் கொதித்தெழுந்து சந்தாக்களை நிறுத்தினார்கள். போட்டி நிறுவனமான பைஸோ, எட்டு மாதத்துக்குப் போதுமென்று வைத்திருந்த பாத்ஃபைண்டர் நூல்கள் இரண்டு வாரத்தில் விற்றுத் தீர்ந்ததாக அறிவித்தது. இறுதியில் விசார்ட்ஸ் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. 2025இல் புதிய விதிகளின் தொகுப்பும் அதே உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். பிரதி எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன், ஸ்பானிய மொழிகளில் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. தமிழுக்கு யாரும் தரப்போவதில்லை, ஆனால் நாமே செய்துகொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சண்டை ஒழுங்கு, பகடைக் கணக்கு, காயமும் ஓய்வும் ஆகியவற்றை இரண்டு ஏ4 தாளில் தமிழில் எழுதி, கடையில் பிரதி எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தால், பெட்டியில் உள்ள ஒரேயொரு ஆங்கில விதிநூலுக்காக மேசையைச் சுற்றி யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலம் தடையில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு தாளே நுழைவாயில்.

எசென்ஷல்ஸ் கிட் கையில் இருந்தால், திருத்திய 2024 விதிகளுக்கு மாற வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். பெட்டி 2014 விதிகளில் எழுதப்பட்டது. அதற்குள்ளேயே அது முழுமையானது. மாற விரும்புபவர்கள் இலவசத் தொகுப்பை இறக்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆளுக்கொரு பகடைத் தொகுதி வேண்டுமென்றால் அதைத் தவிர வேறெதற்கும் மேலதிகக் காசு செலவிடத் தேவையில்லை. ஏழு பகடைகள் கொண்ட தொகுதிகள் இணையச் சந்தைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. இரசாயனப் பிசினில் பூவும் பொன்துகளும் பதித்த விலையுயர்ந்த வகைகளும் உண்டு. அழகுதான், ஆனால் எண் வாசிக்க முடியாமல் மின்விளக்கின் கீழ் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்க நேரும். ஒரே நிறம், தடித்த வெள்ளை எண் உள்ளதே வாங்கத் தக்கது.

புதிய 49.99 டொலர்ப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசிப்பைக் குறைத்து, தேவையான எல்லாவற்றையும் அட்டைகளாகவும் வில்லைகளாகவும் கையில் கொடுப்பது அதன் வழி. முதல் மூன்று நிலைகளுக்கே உரியது. ஆடுபவர்கள் வாரத்துக்கு வாரம் மாறும் நூலக வாசகர் வட்டத்துக்கோ பாடசாலை மன்றத்துக்கோ அது எசென்ஷல்ஸ் கிட்டைவிடப் பொருத்தம், ஏனெனில் புதிதாக வந்தவர் பத்து நிமிடத்தில் ஆட உட்காரலாம். ஆனால் ஒரே ஐவர் ஓராண்டு சேர்ந்து ஆடும் குழுவுக்கு மூன்றாம் நிலையில் முடிந்துவிடும் பெட்டி, அடுத்த கொள்வனவுக்கான முன்னுரை மட்டுமே.

எசென்ஷல்ஸ் கிட் இப்போது பழைய இருப்பாகவே கிடைக்கும் என்பதால், விற்பவரிடம் அட்டைத் தாள்கள் பிரிக்கப்படாமல் இருக்கின்றனவா, பகடை பதினொன்றும் உள்ளனவா, இணையக் குறியீடு பயன்படுத்தப்பட்டுவிட்டதா என்று கேட்டு, படம் அனுப்பச் சொல்லிப் பார்த்த பின்பே காசு கட்டுங்கள். கேட்கும் விலை புதிய பெட்டியின் விலையைத் தொட்டால் வேண்டாம். அந்த நிலையில் இலவச விதித் தொகுப்பும், இரண்டு பகடைத் தொகுதிகளும், இலவசமாகவும் திறந்த உரிமத்திலும் கிடைக்கும் கேர்ன் போன்ற சிறு விளையாட்டொன்றின் அச்சுப்பிரதியும் சேர்ந்தாலும் செலவு பெட்டியின் பாதி விலைக்குக் கீழே நிற்கும். வரைபடத்தை, இரணைமடுக் குளத்தையும் அதைச் சுற்றிய காட்டையும் வைத்து, நீங்களே வரைந்துகொள்ளலாம்.